வெண்டைக்காய் போய் முருங்கைக்காய் வந்தாலும் சாம்பார் சாம்பார்தான்

கடிதத்தின் சாரம்

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். பெயரையும், ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

வயது 38. புதுச்சேரியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. காலை எட்டு மணிக்குப் பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு ஏழாகிவிடும். வீட்டில் ஐந்து பேர்: கடை வைத்திருக்கும் கணவர், ஒன்பதாவது படிக்கும் மகள், நான்காவது படிக்கும் மகன், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் மாமியார், இவர். கணவர் வீட்டார் வள்ளலார் வழியில் வந்தவர்கள், முட்டைகூட வீட்டுக்குள் வராது. இவர் பிறந்து வளர்ந்ததோ முதுநகரில், மீன் இல்லாத நாளே இல்லாத வீட்டில். கல்யாணமானதிலிருந்து சைவம்.

"திங்கள் வெண்டைக்காய் சாம்பார், செவ்வாய் முள்ளங்கி சாம்பார், புதன் கத்தரிக்காய் சாம்பார். காலையில இட்லி, ராத்திரி தோசை. பிள்ளைங்க டப்பாவுக்குத் தக்காளி சாதம், எலுமிச்சை சாதம், மறுபடி தக்காளி சாதம். எங்க வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துட்டு, உனக்கு வேற ஒண்ணுமே தெரியாதான்னு கேக்கறார். போன்ல நானூறு சமையல் வீடியோ சேர்த்து வச்சிருக்கேன், ஒண்ணுகூட செஞ்சதில்லை. பஸ் ரெட்டிச்சாவடி தாண்டும்போதே நாளைக்கு என்னன்னு நெஞ்சு அடிச்சுக்குது. எனக்குச் சமையலே வரலையோன்னு தோணுது" என்று எழுதுகிறார்.

கூடவே நாலு கேள்விகள். மகளுக்குப் பள்ளியில் பார்த்ததில் ஹீமோகுளோபின் 10.2, இரண்டு மாதமாகப் பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் கொடுத்தும் ஏறவில்லை, மாமியாருக்குத் தெரியாமல் முட்டை கொடுக்கலாமா? சைவத்தில் புரதம் கிடையாது என்கிறார்களே, 1,800 ரூபாய் புரோட்டீன் பவுடர் டின் வாங்கலாமா? மாமியார் சோற்றை விட்டுக் கேழ்வரகுக் கூழுக்கு மாறியும் சர்க்கரை ஏறுவது ஏன்? சமையலுக்கு ஆள் வைப்பது சோம்பேறித்தனமா?

முதலில் அந்த ஒரு டம்ளர் பருப்பு

உங்களுக்குச் சமையல் வராமல் இல்லை. காலை ஆறிலிருந்து எட்டுக்குள் ஐந்து பேருக்கு டிபன், மூன்று டப்பா, மதியச் சாப்பாடு என்று முடித்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கிறவருக்குச் சமையல் வரவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதை நீங்களே சொன்னாலும்தான். உங்களுக்குக் குறிப்புகளும் குறையவில்லை, நானூறு இருக்கிறது. வேறு ஒன்று குறைகிறது. கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "ஒரு டம்ளர் துவரம்பருப்பு வேகவைத்தால் சாம்பாருக்கும் ரசத்துக்கும் சரியாக இருக்கும்" என்று, அங்கேதான் இருக்கிறது.

வாரம் முழுக்க உங்கள் வீட்டில் வேகிற பருப்பு ஒன்றே ஒன்று, துவரை. புளிப்பு ஒன்று, புளி. பொடி ஒன்று, தாளிப்பு ஒன்று. காய் மட்டும் மாறுகிறது. ஒரே புடவைக்கு தினம் ஒரு ரவிக்கை மாற்றுகிற மாதிரி. சாப்பிடுகிறவர் மூக்குக்கு முதலில் எட்டுவது சாம்பார்ப் பொடி வாசனை, அதில் மிதப்பது வெண்டையா முள்ளங்கியா என்பது அப்புறம்தான். அதனால்தான் நீங்கள் மார்க்கெட்டில் காயை மாற்றி மாற்றி வாங்கியும் வீட்டில் யாருக்கும் மாறியதாகத் தெரியவில்லை. (இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைப்பது துவரம்பருப்பு, நம் அடுப்பும் அதற்கே பழகிப்போய்விட்டது.)

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு டம்ளர் என்பது சுமார் 150 கிராம். ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு 30 கிராம். இட்லி தோசை மாவில் இருக்கும் உளுந்தையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டால் 45 கிராம் வரும். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவரின் ஒரு நாள் தட்டுக்குப் பருப்பு, பயறு வகை மட்டும் 85 கிராம் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அதில் பாதிதான் போகிறது. மீதி வயிறு சோற்றால் நிறைகிறது. பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது கணக்கு. 55 கிலோ இருக்கும் உங்களுக்கு நாளைக்கு 46 கிராம் போல வேண்டும். சோறு, பருப்பு, உளுந்து, டீயில் போகும் பால், ஒரு கரண்டித் தயிர் எல்லாம் கூட்டிப் பார்த்தேன், பத்து கிராம் அளவுக்கு இடிக்கிறது.

ஆக, தட்டில் சலிப்பு, உடம்பில் சத்துக்குறைவு என்று இரண்டு பிரச்சினையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒன்றாகத்தான் தெரிகிறது. காயை மாற்றுவதை நிறுத்திவிட்டுப் பருப்பை மாற்றுங்கள், இரண்டுக்கும் அதுதான் வழி.

பவுடர் டின் வேண்டாம். அதே வழிகாட்டி புரோட்டீன் பவுடர்களைத் தவிர்க்கத்தான் சொல்கிறது. 100 கிராம் பயறிலோ பருப்பிலோ 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, நம் ஊர் மல்லாட்டையில் (நிலக்கடலைதான்) 25, மீல் மேக்கர் என்று விற்கும் சோயா உருண்டையில் 50-க்கும் மேல். சைவத்தில் புரதம் இல்லை என்று உங்களிடம் சொன்னவர்கள் அநேகமாகச் சோற்றையும் ரசத்தையும் மட்டும் சைவம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பருப்பையும் சோற்றையும் ஒரே வேளையில் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஒரே நாளுக்குள் இரண்டும் வந்துவிட்டால் போதும்.

ராத்திரி ஒரு கிண்ணம்

இரவு பாத்திரம் கழுவி அடுப்பு துடைக்கிற நேரத்தில் ஒரு கிண்ணத்தில் ஏதோ ஒரு பயறுக் கொட்டையை ஊறப் போடுங்கள், அவ்வளவுதான். வீடியோ பார்க்க வேண்டாம், மெனு அட்டவணை எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்ட வேண்டாம் (ஒட்டிய அட்டவணையை யாரும் இரண்டாவது வாரம் பார்ப்பதில்லை). காலையில் எழுந்ததும் அந்தக் கிண்ணமே இன்றைக்கு என்ன என்று சொல்லிவிடும். ரெட்டிச்சாவடியில் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அது சமைக்கிற பயமில்லை, முடிவெடுக்கிற பயம். அந்த முடிவைக் களைத்துப்போய் வரும் பஸ்ஸில் எடுக்காமல், கடையில் அரைக் கிலோ அரைக் கிலோவாக ஐந்தாறு வகை வாங்கும்போதே எடுத்துவிடுகிறீர்கள்.

காராமணி ஊறியிருந்தால் கத்தரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு. கறுப்புக் கொண்டைக்கடலை ஊறியிருந்தால் பாதியைத் தேங்காய், சோம்பு அரைத்து ஊற்றிய குழம்புக்கு, பாதியைச் சுண்டலுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் மாங்காய்த் துண்டும் வெங்காயமும் கலந்து கொடுத்தால் தேவனாம்பட்டினம் கடற்கரையில் காசு கொடுத்து வாங்குவது வீட்டிலேயே கிடைத்துவிடும். மொச்சை கிடைத்தால் கேட்கவே வேண்டாம். காய்ந்த பட்டாணி உருளைக்கிழங்கோடு குருமாவாகி, காலையில் இட்லிக்கும் மதியம் சோற்றுக்கும் இரண்டு வேளை ஓடும். கொள்ளை வேகவைத்தால் வடித்த தண்ணீரில் ரசம், கொட்டையில் துவையல். ராஜ்மா வாங்கினால் மட்டும் கொஞ்சம் கவனம்: எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நசுக்கினால் மசிகிற அளவுக்கு நன்றாக வேக வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவைக்கும்.

ஊறப் போட மறந்துபோகிற இரவுகள் வரும், வரட்டும். அதற்குப் பாசிப்பருப்பும் மைசூர் பருப்பும் இருக்கின்றன, ஊறவைக்காமலே கால் மணி நேரத்தில் வெந்துவிடும். மைசூர் பருப்பில் தக்காளி, பூண்டு, பச்சைமிளகாய் போட்டுக் கடைந்தால் அது சாம்பாரின் தூரத்து உறவுகூட இல்லை. வெண்பொங்கலுக்கு அரிசியில் பாதி அளவு பாசிப்பருப்பு போடுங்கள், பெயருக்கு ஒரு பிடி போடாதீர்கள். அதற்குத் தொட்டுக்கொள்ள மறுபடியும் சாம்பார் வைக்காமல் சிதம்பரத்துக் கொத்சு: கத்தரிக்காயைச் சுட்டோ வேகவைத்தோ மசித்து, புளி கரைத்து ஊற்றி, மல்லியும் மிளகாயும் வறுத்துப் பொடித்துத் தூவுவது. நடராஜர் கோயிலில் சம்பா சாதத்தோடு படைக்கிற அதே கொத்சுதான், உங்கள் அத்தைக்கு இதில் ஆட்சேபணை இருக்காது.

இரவு தோசையை எடுத்துவிடச் சொல்லமாட்டேன். மாவை மாற்றுங்கள். காலையில் கிளம்பும் முன் இரண்டு டம்ளர் பச்சைப்பயிறும் ஒரு பிடி அரிசியும் ஊறப் போட்டுவிட்டால், ஏழு மணிக்கு வந்ததும் இஞ்சி, பச்சைமிளகாயோடு அரைத்து அப்படியே தோசையாக வார்த்துவிடலாம், புளிக்க வைக்கிற வேலை இல்லை. அடையும் அப்படித்தான், அரிசிக்குச் சமமாகப் பருப்புகள். அரைத்ததும் ஒரு பிடி முருங்கைக்கீரை. வெயில் காலத்தில் பயறு பகல் முழுக்க ஊறினால் நுரை கட்டி வாடை வரும், அந்த மாதங்களில் தண்ணீரோடு குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போங்கள்.

டப்பாவுக்குத் தக்காளி சாதத்தின் இடத்தில் மல்லாட்டைப் பொடி சாதம். மல்லாட்டை, கொஞ்சம் எள், காய்ந்த மிளகாய், நாலு பல் பூண்டு வறுத்து உப்போடு பொடித்து பாட்டிலில் வைத்துக்கொண்டால் இரண்டு வாரம் வரும். சூடான சோறு, நல்லெண்ணெய், இரண்டு கரண்டிப் பொடி, முடிந்தது. மீல் மேக்கரைக் கொதிநீரில் போட்டுப் பிழிந்து, கையால் உதிர்த்து, வெங்காயம் மிளகுத்தூளோடு வதக்கினால் பொடிமாஸ் மாதிரி வரும், என் அனுபவத்தில் பிள்ளைகள் தகராறு பண்ணாமல் சாப்பிடுகிற பக்கவாத்தியம் இது. சுண்டலை டப்பாவில் வைக்கும்போது மட்டும் தேங்காய் வேண்டாம், கடலூர் வெயிலில் மதியத்துக்குள் கெட்டுவிடும்.

வயிறு உப்பும் என்று வீட்டில் ஒருவர் நிச்சயம் சொல்வார். திடீரென்று அளவைக் கூட்டினால் உப்பத்தான் செய்யும். முதல் இரண்டு வாரம் கொஞ்சமாகத் தொடங்குங்கள், ஊறிய தண்ணீரைக் கொட்டுங்கள், இஞ்சி, பூண்டு, பெருங்காயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

புளிப்பும் தாளிப்பும்

பருப்புக்கு அடுத்து மாற்ற வேண்டியது இந்த இரண்டு. புளியை விட்டால் நமக்குத் தயிர் இருக்கிறது, மாங்காய் இருக்கிறது, எலுமிச்சை, தக்காளி, புளிச்சகீரை இருக்கின்றன. மோர்க்குழம்பு வாரம் ஒரு நாள் வந்தாலே தட்டின் நிறம் மாறிவிடும், அதில் பருப்பு உருண்டை போட்டுவிட்டால் புரதக் கணக்கும் சேர்ந்துகொள்ளும்.

தாளிப்பில் நான் சொல்ல நினைப்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று. வடகம். பங்குனி, சித்திரை வெயிலில் சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம் எல்லாம் இடித்து உருட்டி, விளக்கெண்ணெய் தொட்டுக் காயவைப்பார்களே, உங்கள் அம்மா வீட்டு மொட்டைமாடியில் கண்டிப்பாக இருந்திருக்கும். மீன் குழம்பு இருந்தால் வாரம் ஓடிவிடும், சைவத்தில் என்ன பண்ணுவது என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் குழம்பை நினைத்துப் பாருங்கள்: நல்லெண்ணெய், உடைத்துப் போட்ட வடகம் பொரிகிற வாசனை, கெட்டியாகக் கரைத்த புளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், கடைசியில் இரண்டு மாங்காய்த் துண்டு. மீனைத் தவிர அத்தனையும் சைவம்தான். அதே கையால் அதே சட்டியில் மொச்சை, கத்தரிக்காய், அல்லது பண்ருட்டிப் பலாப்பழ சீசனில் வீணாகத் தூக்கிப்போடுகிற பலாக்கொட்டை போட்டு வையுங்கள். வாழைக்காயைப் பட்டையாக வெட்டி அரை வேக்காடு வேகவைத்து, மீன் வறுவலுக்குத் தடவுகிற அதே மசாலாவைத் தடவிக் கல்லில் போட்டு எடுங்கள். சேப்பங்கிழங்கும் அப்படித்தான். பிறந்த வீட்டுச் சமையல் மொத்தமும் கல்யாணத்தோடு கழுவிப்போய்விட்டது என்று நீங்களாகவே முடிவுகட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. மீன் மட்டும்தான் போனது, உங்கள் கைப்பக்குவம் எங்கும் போகவில்லை. அத்தை எதிரில் இதற்கு மீன் குழம்பு ஸ்டைல் என்று பேர் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மகளுக்குப் பேரீச்சம்பழம் போதாது

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். அந்த வயதுப் பெண் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகை. 11-க்குக் கீழே வந்துவிட்டால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது லேசானது இல்லை, நடுத்தர வகை. 10.2 அந்த வகையில்தான் வருகிறது. இதைச் சாப்பாட்டால் மட்டும் சரிசெய்யலாம் என்று இன்னும் இரண்டு மாதம் காத்திருக்காதீர்கள். பீட்ரூட்டின் சிவப்பு வெறும் நிறம், 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் இரும்பு 30 மில்லிகிராம். நாலு பேரீச்சம்பழம் அதில் எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே அரசு மருத்துவமனைக்கோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ கூட்டிப்போங்கள். முழு இரத்தப் பரிசோதனை, ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12 மூன்றும் பார்க்கலாமா என்று கேளுங்கள். பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தார்கள், மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகமா, எத்தனை நாள் என்பதையும் அவளிடம் தனியாகக் கேட்டுக்கொண்டு போய்ச் சொல்லுங்கள், பிள்ளைகள் டாக்டர் முன்னால் வாயைத் திறக்காது. பள்ளியில் வாரத்துக்கு ஒன்று தருகிற இரும்பு மாத்திரை தடுப்புக்கானது, வந்துவிட்ட சோகைக்கான அளவு வேறு, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாத்திரை ஆரம்பித்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அளவு 12-ஐத் தொட்டதும் நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம், உடம்பில் இருப்புச் சேர மேலும் சில மாதம் ஓட வேண்டியிருக்கும்.

சாப்பாட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு, காசும் ஆகாது. காலை டிபனோடு அவள் டீ குடிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். டீயும் காப்பியும் பயறு, கீரையில் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலும் பின்னாலும் வேண்டாம். அதற்குப் பதிலாகச் சுண்டலில் எலுமிச்சை, சாப்பிட்டதும் ஒரு நெல்லிக்காய் அல்லது அரைக் கொய்யா. அவற்றில் இருக்கும் வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துவிடும். இரும்புச் சட்டியில் தக்காளித் தொக்கு மாதிரிப் புளிப்பானதைச் செய்தாலும் கொஞ்சம் இரும்பு சேரும். செய்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், சட்டியிலேயே விட்டால் கறுத்துப்போகும்.

சரி, முட்டை. மாமியாருக்குத் தெரியாமல் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, அது பாவம் புண்ணியக் கணக்கினால் இல்லை. முட்டையில் நல்ல புரதம் உண்டு, பி12 உண்டு, ஆனால் இருக்கும் இரும்பு கொஞ்சம், அதிலும் உடம்பில் சேர்வது குறைவு. ஆக, எதற்காக ஒளித்துக் கொடுக்க நினைக்கிறீர்களோ அந்தக் காரியம் அதில் நடக்காது. பதினாலு வயதுப் பிள்ளையிடம் "பாட்டிகிட்ட சொல்லிடாதே" என்று ஒரு ரகசியத்தைக் கொடுத்தால், அவள் அதைத் தினமும் சுமக்க வேண்டும். அவளுக்கே முட்டை சாப்பிட விருப்பம் இருந்தால் அதைக் கணவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள், மகளின் தட்டைப் பற்றிப் பேச உங்களுக்கும் உரிமை இருக்கிறது, ஏன், அவளுக்கே இருக்கிறது. வேண்டாம் என்று முடிவானாலும் குடிமுழுகிப் போகாது, பால், தயிர், மாத்திரையோடு சமாளித்துவிடலாம். இட்லி மாவு புளிப்பதால் பி12 கிடைக்கும் என்று சிலர் சொல்வதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

அத்தையின் கூழ்

கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அரிசியைவிட அதிகம், உண்மைதான். ஆனால் அதுவும் தானியம்தான், மாவுச்சத்து அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அதை நைசாக அரைத்து, குழைய வேகவைத்து, கரைத்துக் குடித்தால் மெல்ல வேண்டிய வேலைகூட இல்லாமல் இறங்கி, சர்க்கரை சட்டென்று ஏறத்தான் செய்யும். சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற நினைப்பில் பெரிய சொம்பு இரண்டு வேளை போகிறது, கணக்கு அங்கேதான் உதைக்கிறது. கூழைச் சின்ன டம்ளராகக் குறையுங்கள், அல்லது முருங்கைக்கீரை போட்டுக் கேழ்வரகு அடையாகத் தட்டிக் கொடுங்கள். அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் சுண்டலும் காயும் சாப்பிடட்டும், தானியம் கடைசியில் வரட்டும்.

அவர் சாப்பிடுவது மெட்ஃபார்மின் மாத்திரையா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வருடக்கணக்கில் அதைச் சாப்பிடுகிறவர்களுக்குப் பி12 குறையலாம், முட்டையும் தொடாத சைவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். காலில் எரிச்சல், மதமதப்பு என்று சொன்னால் சர்க்கரைதான் காரணம் என்று விட்டுவிடாமல் பி12 பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, நான் மேலே பருப்பைக் கூட்டச் சொன்னது அவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தால்தான் பொருந்தும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை பார்த்து நாளாகியிருந்தால் முதலில் அதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு பருப்பு, எவ்வளவு கீரை என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராத்திரி கீரை சாப்பிடக்கூடாது என்று அவர் சொல்வதற்கு, புதிதாகச் சமைத்த கீரை எந்த நேரத்திலும் விஷமாகிவிடாது என்பதுதான் என் பதில். ஆனால் இதற்கெல்லாம் சண்டை வேண்டாம். கீரையைக் காலையில் வையுங்கள், கரிசலாங்கண்ணி, தூதுவளை என்றால் வள்ளலாரே சொன்னது என்று சந்தோஷமாக ஆய்ந்தும் கொடுப்பார்.

ஆள் வைக்கலாமா, வாங்கிக்கொள்ளலாமா

ஆள் வைப்பது சோம்பேறித்தனமே இல்லை. கையில் பணம் இருந்தால் வையுங்கள். ஆனால் ஆள் வந்தாலும் "இன்னிக்கு என்னம்மா செய்யட்டும்?" என்று உங்களிடம்தான் கேட்பார், ரெட்டிச்சாவடி படபடப்பு அப்படியே இருக்கும். மெஸ்ஸில் மாதச் சாப்பாடு சொல்லிவிடுவது வேலையைக் குறைக்கும், அங்கேயும் பெரும்பாலும் இதே சாம்பார், ரசம், பொரியல்தான், பருப்பு இன்னும் தண்ணீராக. வாரத்துக்கு இரண்டு நாள் வெளியில் வாங்குவதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் கிடையாது. கடை மாவு வாங்கினால் என்றைக்கு அரைத்தது என்று கேட்டு வாங்குங்கள், பொங்கி வழிகிற பாக்கெட் வேண்டாம்.

நான் முதலில் பார்ப்பது வேறு இடத்தை. உங்கள் கணவர் கடையைப் பத்து மணிக்குத் திறக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டிலிருந்து பத்து வரை அவர் வீட்டில்தான் இருக்கிறார். ஊறிய கொட்டையைக் குக்கரில் போட்டு அஞ்சு விசில் விடுவதற்கு ஒரு படிப்பும் தேவையில்லை. மாமியார் உட்கார்ந்த இடத்தில் பூண்டு உரிக்கலாம், மகன் மல்லாட்டை உடைக்கலாம் (பாதி வாயில் போகும், போகட்டும், அதுவும் புரதம்தான்). உனக்கு வேற ஒண்ணுமே தெரியாதா என்று அவர் அடுத்த முறை கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம், அழவும் வேண்டாம். "இனிமேல் ராத்திரி கிண்ணத்தில் என்ன ஊற வேண்டும் என்பதை நீங்களே முடிவுபண்ணிப் போட்டுவிடுங்கள், காலையில் அதை வைத்து நான் சமைக்கிறேன்" என்று அவரிடம் சொல்லி அந்த வேலையை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஐந்தாறு டப்பாவின் முன்னால் நின்று யோசிப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியட்டும்.

மகளின் பரிசோதனை முடிவுகளும் அத்தையின் கிரியேட்டினினும் வந்ததும் எண்களோடு மறுபடி எழுதுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையின் பெயரையும் சேர்த்து எழுதினால், எதை எந்தச் சாப்பாட்டோடு கொடுப்பது என்று சொல்ல எனக்கு வசதியாக இருக்கும்.